போதகர் அறிமுகங்களில் விடுபடுபவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சமகாலக் கிறிஸ்தவப் போதகர்களையும் வேத ஆசிரியர்களையும் அறிமுகப்படுத்தித் தாங்கள் வெளியிடும் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிக்கிறோம். பெயரை மறைத்துவிட்டால் எது யாரைப் பற்றிய கட்டுரை என்று சொல்ல முடியாது. எளிய குடும்பம், ஒரு நோய் அல்லது தோல்வி, ஓர் இரவில் வந்த அழைப்பு, அதன்பின் இத்தனை நாடுகள், இத்தனை லட்சம் பேர், இத்தனை புத்தகங்கள். அந்த ஊழியரின் அலுவலகம் அனுப்பிய குறிப்பு அப்படியே அச்சேறுகிறது என்பது வாசிக்கும்போதே தெரிகிறது. இறையியல் கல்வியிலும் சபை நிர்வாகத்திலும் உள்ளவர்கள் என்ற முறையில், அந்தக் குறிப்புகளில் ஒருபோதும் வராதவற்றைப் பற்றி எழுதுகிறோம். ஒரு போதகரை மதிப்பிட வாசகருக்குத் தேவைப்படுவது அவைதான்.

முதலில் ‘டாக்டர்’. பெயருக்கு முன்னால் இது வந்தால் எந்தப் பட்டம், எந்தக் கல்லூரி, எந்த ஆண்டு என்று நிருபர் கேட்க வேண்டும். பி.எச்.டி. என்றால் ஆராய்ச்சி. வேதாகம ஆராய்ச்சிக்கு எபிரெயமும் கிரேக்கமும் போதாது. ஜெர்மன், பிரெஞ்சு நூல்களையும் வாசிக்கத் தெரிய வேண்டும். அமெரிக்கப் போதகர் ஜான் பைப்பர் 1974-ல் மியூனிக் பல்கலைக்கழகத்தில் பெற்ற முனைவர் பட்டமும், புதிய ஏற்பாட்டு அறிஞர் டி. ஏ. கார்சன் கேம்பிரிட்ஜில் பெற்றதும் இந்த வகை. டி.மின். (ஊழியத் துறை டாக்டர்) என்பது ஊழியத்தில் சில ஆண்டுகள் இருந்தவர்கள் வேலையை விடாமலே படிக்கும் தொழில்முறைப் பட்டம். நியூயார்க் போதகர் டிமோத்தி கெல்லர் பெற்றது இது. நேர்மையான படிப்புதான், ஆனால் முதலாவதோடு ஒன்றாக எண்ணக்கூடாது. டி.டி. (இறையியல் டாக்டர்) என்பது பல நாடுகளில் கௌரவப் பட்டம் மட்டுமே. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் போன்ற இடங்களில் வெளியான ஆய்வுகளைத் தேர்வுக்கு உட்படுத்தியும் கொடுப்பார்கள் என்பதால், கொடுத்த இடத்தைக் கேட்காமல் எதுவும் சொல்ல முடியாது. நான்காவது வகை, பணம் கட்டினால் தபாலில் வந்துவிடும் பட்டம்.

கௌரவ டாக்டர் பட்டம் பெறுவது குற்றமல்ல. அதைப் படித்துப் பெற்றதுபோல் போட்டுக்கொள்ளும்போதுதான் சிக்கல். உலகெங்கும் பேசிய கிறிஸ்தவச் சொற்பொழிவாளர் ரவி சகரியாஸ், டிரினிட்டி இவாஞ்சலிக்கல் டிவினிட்டி கல்லூரியில் எம்.டிவ். என்ற இறையியல் முதுகலைப் பட்டப் படிப்பை முடித்தவர், அது முறையான பட்டம். அவருடைய டாக்டர் பட்டங்கள் அனைத்தும் கௌரவப் பட்டங்கள். ஆனாலும் பல ஆண்டுகள் அறிமுகக் குறிப்புகளில் ‘டாக்டர்’ என்றே போய்க்கொண்டிருந்தது. கேள்வி வலுத்து அவருடைய அமைப்பு விளக்கம் அளித்தது 2017-ல்தான். அதுவரை அச்சிட்ட பத்திரிகைகளில் ஒன்றாவது ‘எந்தப் பல்கலைக்கழகம்’ என்று கேட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

கல்லூரியைச் சோதிப்பது கடினமல்ல. அமெரிக்கா, கனடா என்றால் இறையியல் கல்லூரிகளின் கூட்டமைப்பான ஏ.டி.எஸ். அங்கீகாரம் உண்டா என்று அதன் பட்டியலில் பார்க்கலாம். ஆசியாவில் இறையியல் கல்லூரிகளின் சங்கமான ஏ.டி.ஏ., இந்தியாவில் இறையியல் பட்டங்கள் வழங்கும் செராம்பூர் செனட் ஆகியவையும் பட்டியல் வைத்திருக்கின்றன. ‘சர்வதேச அங்கீகாரம் பெற்றது’ என்ற வாசகத்தை மட்டும் நம்பவேண்டாம். போலிக் கல்லூரிகள் தங்களுக்கென்று போலி அங்கீகார அமைப்பையும் தாங்களே தொடங்கிக்கொள்கின்றன. எனவே அங்கீகாரம் கொடுத்தவரை அங்கீகரித்தது யார் என்று இன்னொரு படி மேலே போய்ப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் அதற்கு அரசின் கல்வித் துறையும் சி.எச்.இ.ஏ. என்ற அமைப்பும் பட்டியல் வெளியிடுகின்றன.

போதகப் பயிற்சியின் அடிப்படைப் பட்டமான எம்.டிவ்., இளங்கலைக்குப் பிறகு பொதுவாக 3 ஆண்டு முழுநேரப் படிப்பு. பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு, திருச்சபை வரலாறு, முறைசார் இறையியல், பிரசங்கக் கலை, ஆலோசனை, சபையில் களப்பயிற்சி எல்லாம் உண்டு. மூல மொழிகளை மட்டும் பல கல்லூரிகள் விருப்பப் பாடமாக்கிவிட்டன. ஆகவே எம்.டிவ். என்று கேட்டதோடு நிற்காமல், எபிரெயமும் கிரேக்கமும் படித்தாரா என்பதையும் கேட்கலாம். கத்தோலிக்கக் குருக்களுக்குத் திருச்சபைச் சட்டமே குறைந்தது 6 ஆண்டுகளை விதித்திருக்கிறது: தத்துவம் 2, இறையியல் 4.

இதையெல்லாம் சொல்வதால், பட்டம் இல்லாதவர் போதிக்கக்கூடாது என்று நாங்கள் சொல்வதாக எண்ண வேண்டாம். 20-ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் பிரசங்கிகளில் தலையானவர் என்று பலர் கருதும் மார்ட்டின் லாயிட்-ஜோன்ஸ் இறையியல் கல்லூரியில் படித்தவரல்லர். லண்டன் புனித பர்த்தலோமேயு மருத்துவமனையில் மருத்துவர்; 1927-ல் அதை விட்டு வேல்ஸில் தொழிலாளர் வாழும் அபராவன் பகுதியின் ஒரு சிறிய சபைக்குப் போனார். ‘டாக்டர்’ என்றே கடைசிவரை அழைக்கப்பட்டார். அவர் விஷயத்தில் அது உண்மையான மருத்துவப் பட்டம். ஜாம்பியாவுக்கு வெளியேயும் பெயர் பெற்ற கான்ராட் எம்பேவே சுரங்கப் பொறியாளராக இருந்தவர்; இறையியல் பட்டம் பிறகே வந்தது. 1987 முதல் லுசாக்காவில் கபுவாட்டா பாப்டிஸ்ட் சபையின் போதகர். சாக் பூனன் இந்தியக் கடற்படை அதிகாரியாக இருந்தவர். வேதாகமத்தைத் தாங்களாகவே கவனித்துப் படிக்கும் முறையை லட்சக்கணக்கானோருக்குக் கற்றுக்கொடுத்த கே ஆர்தர் பயிற்சி பெற்ற செவிலியர். கணவரோடு 1970-ல் பிரிசெப்ட் ஊழியத்தைத் தொடங்கினார். இவர்களைப் பற்றி எழுதும்போது முந்தைய வேலையை ‘உலக வேலையை உதறினார்’ என்று ஒரு வரியில் தள்ளிவிடுகிறார்கள். அந்த வேலை போதனையில் என்ன செய்தது என்பதே சுவாரசியமான செய்தி. லாயிட்-ஜோன்ஸ் பிரசங்கத்தில் முதலில் அறிகுறி, பிறகு நோய்க் காரணம், போலி மருந்துகளை ஒவ்வொன்றாக விலக்குதல், கடைசியில்தான் மருந்து. நோயாளியைப் பரிசோதிக்கும் அதே ஒழுங்கு.

பட்டம் இல்லாதவரிடம் கேட்கவேண்டியது வேறு: வேதத்தை எப்படிப் படித்தீர்கள், யாருடைய மேற்பார்வையில், உங்களைத் திருத்தும் உரிமை யாருக்கு இருந்தது? ‘ஆவியானவரே நேரடியாகக் கற்பித்தார்’ என்பது மட்டுமே பதிலானால் அதையும் அப்படியே அச்சிடுங்கள். வாசகர் புரிந்துகொள்வார்.

கல்லூரிப் பெயரே ஒருவருடைய போதனையைச் சொல்லிவிடும் என்பதும் தவறு. கெல்லர் கார்டன்-கான்வெல் இறையியல் கல்லூரியில் 1975-ல் முடித்துப் பிரெஸ்பிட்டேரியன் போதகராகவே வாழ்ந்தார். அதே கல்லூரியில் 1982-ல் முடித்த ஸ்காட் ஹானும் பிரெஸ்பிட்டேரியன் போதகராகத்தான் தொடங்கினார்; 1986-ல் கத்தோலிக்கரானார், இன்று கத்தோலிக்க உலகின் முக்கிய வேத ஆசிரியர்களில் ஒருவர்.

அடுத்தது அருட்பொழிவு, அதாவது ஒருவரைச் சபை முறைப்படி ஊழியத்துக்கு அபிஷேகம் பண்ணுவது. இதைத் தங்கள் கட்டுரைகளில் நாங்கள் கண்டதேயில்லை. யார் அளித்தது, எந்தச் சபையில், இன்றும் செல்லுபடியாகிறதா? ஆங்கிலிக்கன் முறையில் முதலில் டீக்கன், பொதுவாக ஓராண்டு கழித்தே குரு. லண்டன் போதகர் ஜான் ஸ்டாட் 1945-ல் டீக்கனாக அபிஷேகம் பெற்றார். பிரெஸ்பிட்டேரியன் முறையில் மூப்பர் மன்றம் வேட்பாளரை வேதம், இறையியல், சபை ஒழுங்கு ஆகியவற்றில் வாய்மொழியாகக் கேள்வி கேட்டுச் சோதிக்கும். அதோடு, ஒரு சபை அவரை அழைத்திருக்கவும் வேண்டும். பாப்டிஸ்டுகளிடம் உள்ளூர்ச் சபைதான் அபிஷேகம் பண்ணுகிறது. அக்கம்பக்கத்துப் போதகர்கள் கூடிக் கேள்வி கேட்பார்கள். அமெரிக்க அசெம்பிளீஸ் ஆஃப் காட் சபையில் சான்று, உரிமம், அருட்பொழிவு என்று மூன்று படிகள். இவற்றில் எதுவுமே இல்லாமல், தான் தொடங்கிய ஊழியத்தில் தனக்குத் தானே ‘பிஷப்’ பட்டம் சூட்டிக்கொண்டவரும் உண்டு. அங்கியைப் பார்த்து அந்த வித்தியாசம் தெரியாது.

இந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்றால், அருட்பொழிவு அளித்த அமைப்புக்கே அதைத் திரும்பப் பெறும் அதிகாரமும் உண்டு. சகரியாஸ் மே 2020-ல் இறந்தார். அவர் பல ஆண்டுகளாகப் பெண்களிடம் பாலியல் அத்துமீறலில் ஈடுபட்டதை, அவருடைய அமைப்பே நியமித்த வழக்கறிஞர் நிறுவனத்தின் அறிக்கை பிப்ரவரி 2021-ல் உறுதிசெய்தது. அவருக்கு அருட்பொழிவு அளித்திருந்த கிறிஸ்டியன் அண்ட் மிஷனரி அலையன்ஸ் சபை, அவர் இறந்தபின்பும் அதை ரத்து செய்தது. தாமதம்தான். ஆனால் ரத்து செய்ய ஓர் அமைப்பு இருந்தது. தனி ஊழியர்களுக்கு மேலே அப்படி யாருமில்லை.

இனி, ஊழியம் என்று எதைச் சொல்கிறோம் என்பது. சபைப் போதகர், வேத ஆசிரியர், சுவிசேஷகர் மூவரும் ஒரே வேலை செய்பவர்கள் அல்லர். சுவிசேஷகர் சில செய்திகளை வெவ்வேறு கூட்டத்துக்கு மாற்றிமாற்றிச் சொல்லலாம், கேட்பவர்கள் புதியவர்கள். வேத ஆசிரியருக்குப் பாடத்திட்டம் உண்டு. சபைப் போதகர் அதே ஜனத்தின் முன் வருஷம் முழுவதும் ஞாயிறுதோறும் நிற்க வேண்டும். அதற்கிடையில் மருத்துவமனை, அடக்க ஆராதனை, திருமண ஆலோசனை, ஞானஸ்நான வகுப்பு, மூப்பர் கூட்டம். ஒரு பிரசங்கத்துக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் உழைப்பவர் பலர். இந்த வாரக் கணக்கை நேர்காணலில் கேளுங்கள். ‘கடைசியாக எப்போது அடக்க ஆராதனை நடத்தினீர்கள்?’ என்ற ஒரு கேள்வி, எத்தனை நாடுகளுக்குப் போனார் என்பதைவிட அதிகம் சொல்லும்.

கெல்லரைப் பற்றி வரும் எல்லாக் கட்டுரைகளும் 1989-ல் நியூயார்க்கில் ரிடீமர் சபையைத் தொடங்கியதிலிருந்து ஆரம்பிக்கின்றன. அதற்கு முன் அவர் வர்ஜீனியா மாநிலத்தில் ஹோப்வெல் என்ற தொழிற்சாலை ஊரில் 9 ஆண்டுகள் போதகராக இருந்தார். வாரத்துக்கு மூன்று செய்திகள் என்ற கணக்கில், நாற்பது வயதை எட்டும் முன்பே ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரசங்கங்கள். கேட்டவர்களில் கல்லூரி வாசலை மிதிக்காதவர் ஏராளம். கடினமான கருத்தை எளிதாகச் சொல்லும் பழக்கம் அங்கே வந்தது. பிறகு சில ஆண்டுகள் இறையியல் கல்லூரியில் ஆசிரியர், அதற்கப்புறம்தான் நியூயார்க். ஹோப்வெல்லை விட்டுவிட்டு அவரை விளக்க முற்பட்டால் ‘பிறவி மேதை’ என்று எழுதுவதைத் தவிர வழியில்லை.

போதனையை எப்படி மதிப்பிடுவது? ஒரே ஒரு சிறப்புக் கூட்டத்தைக் கேட்டு எழுதக்கூடாது. அது அவருடைய மிகச் சிறந்த, பலமுறை சொல்லி மெருகேறிய செய்தியாக இருக்கும். அடுத்தடுத்த மூன்று ஞாயிறு பிரசங்கங்களைக் கேட்க வேண்டும். வாசித்த வேதபகுதியே பிரசங்கத்தின் தலைப்புகளைத் தீர்மானிக்கிறதா, அல்லது ஏற்கெனவே முடிவுசெய்த பொருளுக்கு வசனம் ஒட்டப்படுகிறதா? முன்னும் பின்னும் உள்ள வசனங்கள் வருகின்றனவா? பகுதியில் இருக்கும் சங்கடமான வசனத்தைத் தாண்டிப் போகிறாரா? உதாரணங்களில் எத்தனை அவரைப் பற்றியே? புத்தகம் புத்தகமாக, வசனம் வசனமாகப் போதிப்பவர்களிடம் மூன்றாவது கேள்வி தானாகவே தீர்ந்துவிடுகிறது. லாயிட்-ஜோன்ஸ் பிறகு லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் சேப்பலில் வெள்ளிக்கிழமை மாலைகளில் ரோமர் நிருபத்தை 1955 முதல் 1968 வரை போதித்தார். 14-ஆம் அதிகாரத்தில் ஓய்வு பெறவேண்டி வந்தது. அமெரிக்கப் போதகர் ஜான் மெக்கார்தர் ஒரே சபையில் 1969-ல் ஆரம்பித்துப் புதிய ஏற்பாடு முழுவதையும் 2011-ல், மாற்குவின் கடைசிப் பகுதியோடு முடித்தார். இவ்வளவு மெதுவாகப் போவதில் குறையும் உண்டு: பல ஆண்டுகள் ஒரே நிருபத்துக்குள் இருக்கும் சபை தீர்க்கதரிசிகளையும் சங்கீதங்களையும் எப்போது கேட்கும்? லண்டனில் செயின்ட் ஹெலன்ஸ் ஆலயத்தின் டிக் லூக்கஸ் 1961 முதல் அலுவலக ஊழியர்களுக்காகச் செவ்வாய் மதிய வேளைகளில் பிரசங்கித்தார். சாப்பாட்டு இடைவேளைக்குள் முடிய வேண்டும். ஒரு பகுதியின் மையக் கருத்தைப் பிடித்து அதை மட்டும் சொல்லும் பழக்கத்துக்கு அந்த நெருக்கடி உதவியது. நீளத்தைப் பார்த்து ஆழத்தை அளக்கக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி தேவையில்லை.

பணத்துக்கு வருவோம். இங்கே நிருபர்கள் தயங்குகிறார்கள், தயங்கத் தேவையில்லை. சம்பளத்தை யார் நிர்ணயிக்கிறார்கள்? நிர்வாகக் குழுவில் எத்தனை பேர், அவர்களில் குடும்பத்தினரும் சம்பளக்காரரும் எத்தனை? வெளித் தணிக்கை நடக்கிறதா? புத்தக வருமானம் யாருக்கு? அமெரிக்காவில் 1979-ல் தொடங்கிய இ.சி.எஃப்.ஏ. என்ற நிதிப் பொறுப்புக் குழு தன் உறுப்பினர்களுக்கு விதித்திருக்கும் அளவுகோல் எளிமையானது: குழுவில் குறைந்தது ஐவர், பெரும்பான்மையினர் சுதந்திரமானவர்கள். மனைவி, மகன், மருமகன் மூவரும் அமர்ந்த குழு இந்த அளவுகோலில் தேறாது. அமெரிக்காவில் தொண்டு நிறுவனங்கள் வருடாந்திர வருமான அறிக்கையை அரசுக்குக் கொடுக்க வேண்டும், அது பொது ஆவணம். சபைகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆகவே ஓர் ஊழியம் தன்னைச் சபை என்று பதிவுசெய்திருந்தால் கணக்கைத் தானாக முன்வந்து வெளியிடுகிறதா என்பதே கேள்வி. ஸ்டாட் தன் புத்தக உரிமைத்தொகையை மற்ற நாடுகளின் போதகர்களுக்கு நூல்கள் கிடைக்க அமைத்த அறக்கட்டளைக்கு எழுதிவைத்தார். உலகின் மிகப் பெரிய சபைகளில் ஒன்றைக் கட்டியெழுப்பிய தென்கொரியாவின் யோங்கி சோவை, சபைப் பணத்துக்கு நஷ்டம் விளைவித்த வழக்கில் 2014-ல் நீதிமன்றம் குற்றவாளி எனத் தீர்த்தது. மகனிடமிருந்த பங்குகளைச் சபை அதிக விலைக்கு வாங்கியதே விவகாரம். ஜெப வாழ்க்கை குறைந்ததால் வந்த வீழ்ச்சி என்று இதைப் பிரசங்கிப்பார்கள். அந்தக் கொள்முதலை மறுக்கத் துணிந்த ஒரு குழு இருந்திருந்தால் வழக்கே வந்திருக்காது.

கூட்டத்தின் எண்ணிக்கை பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்கச் சுவிசேஷகர் பில்லி கிரகாமும் அவருடைய குழுவினரும் நவம்பர் 1948-ல் கலிபோர்னியாவின் மொடெஸ்டோ நகரில் கூடிச் சுவிசேஷகர்கள் பெயர் கெடும் இடங்களைப் பட்டியலிட்டார்கள்: பணம், ஒழுக்கம், உள்ளூர்ச் சபைகளைக் குறைகூறுவது, விளம்பர மிகை. கடைசியதற்கு அவர்கள் கண்ட தீர்வு, கூட்டத்தின் எண்ணிக்கையைத் தாங்கள் சொல்வதில்லை, காவல்துறையோ அரங்க நிர்வாகமோ சொல்வதையே ஏற்பது. தாங்களும் இதையே கடைப்பிடிக்கலாம். மேடையிலிருந்து அறிவிக்கும் எண்ணிக்கை, மேடை அறிவித்ததாகவே அச்சாகட்டும். விற்பனைப் பட்டியல்களிலும் எச்சரிக்கை தேவை. சியாட்டிலின் மார்ஸ் ஹில் சபை, தன் போதகர் மார்க் டிரிஸ்கலின் புத்தகம் விற்பனைப் பட்டியலில் ஏறுவதற்காக ஒரு விளம்பர நிறுவனத்துக்குப் பணம் கொடுத்தது 2014-ல் வெளிவந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் அவர் விலகினார். ஆண்டு முடிவதற்குள் பல கிளைகளைக் கொண்ட அந்தச் சபை கலைக்கப்பட்டது. ஒரு மனிதருடைய குரலை எல்லாக் கிளைகளுக்கும் திரையில் அனுப்பி நடத்திய சபைக்கு, அந்தக் குரல் நின்றதும் ஒரே சபையாக நீடிக்க முடியவில்லை.

அதனால்தான் ‘உங்களுக்குப் பிறகு யார்?’ என்பதும் நேர்காணலில் இடம்பெற வேண்டும். தொலைக்காட்சிப் பிரசங்கி ராபர்ட் ஷுல்லர் 1955-ல் கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டியில் கார்களில் அமர்ந்தபடி படம் பார்க்கும் திறந்தவெளி அரங்கில் ஊழியத்தைத் தொடங்கி, கிரிஸ்டல் கதீட்ரல் என்ற பிரமாண்டமான கண்ணாடிக் கோவில் வரை வளர்ந்தவர். பொறுப்பு 2006-ல் மகனிடம் போனது. 2008-ல் தந்தையும் மகனும் பிரிந்தார்கள். 2010-ல் அமைப்பு திவால் மனு கொடுத்தது. கண்ணாடிக் கோவிலைக் கத்தோலிக்க மறைமாவட்டம் 5.75 கோடி டாலருக்கு வாங்கியது. பைப்பர் 2013-ல் தமக்குப் பின் வருபவரை சபை தேர்ந்தெடுத்த பிறகே இறங்கினார். கெல்லர் 2017-ல் விலகியபோது ரிடீமர் மூன்று சபைகளாக, மூன்று தலைமைப் போதகர்களோடு பிரிந்தது. ஒரே பெரிய மேடையை இன்னொருவருக்கு விட்டுப் போவதைவிட இது கடினமான காரியம் என்பது சபை நிர்வாகம் தெரிந்தவர்களுக்குப் புரியும்.

கடைசியாக, நடைமுறை வேண்டுகோள். அறிமுகக் கட்டுரையோடு ஒரு சிறு பெட்டிச் செய்தி போடுங்கள்: கல்வி, கல்லூரி, ஆண்டு, அருட்பொழிவு அளித்த சபை, இப்போது எந்தச் சபையின் மேற்பார்வையில் இருக்கிறார், நிர்வாகக் குழுவின் அளவும் அதில் குடும்பத்தினர் எண்ணிக்கையும், தணிக்கை உண்டா இல்லையா. பதில் தர மறுத்த இடத்தில் ‘பதில் அளிக்கவில்லை’ என்று இருக்கட்டும். பெண் வேத ஆசிரியர்களைப் போதகர் என்றோ, இன்னாருடைய மனைவி என்றோ எழுதிவிடாமல் அவர்கள் சபை கொடுத்த பொறுப்பின் பெயரையே பயன்படுத்துங்கள். இணையப் பதிப்பில் ஏற்கெனவே உள்ள கட்டுரைகளையும் ஒருமுறை பார்க்க வேண்டும். பதவி நீக்கப்பட்டவர்கள், அருட்பொழிவு ரத்தானவர்கள், இறந்தவர்கள் ஆகியோரைப் பற்றிய பழைய புகழுரைகள் எந்தக் குறிப்பும் இல்லாமல் கிடந்தால், தேடுபவருக்கு அவை இன்றைய செய்தியாகவே கண்ணில் படும். நீக்கிவிட வேண்டாம், தலைப்பின் கீழ் என்ன நடந்தது, எந்த ஆண்டு என்று இரண்டு வரி சேர்த்தால் போதும்.

இப்படிக்கு,
இறையியல் கல்வியிலும் சபை நிர்வாகத்திலும் உள்ள வாசகர்கள் சிலர்